ஆயிரம் ரூபாய் மிச்சம்

மகன், அஸ்ஸலாமு அலைக்கும்.

இந்தக் கடிதத்தின் உறையை நான் ஒட்டவில்லை. வாசித்து முடித்ததும் நீ விரும்பினால் அப்படியே ஸஃப்னாவின் கையில் கொடுக்கலாம் என்பதற்காகத்தான் திறந்தபடி அனுப்புகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. உன் பெயருக்கு வந்த, ஒட்டியிருந்த உறை ஒன்றை நான் கிழித்துவிட்டேன். வாப்பாவின் கிரெடிட் கார்ட் கணக்கு வருகிற அதே வங்கி, அதே வெள்ளை உறை, பெயரின் முதலெழுத்தும் அதே. லுஹர் தொழுதுவிட்டு வந்து, மின்சார பில்லோடு சேர்த்து அதையும் கத்தியால் திறந்தேன். உன் பெயர் கண்ணில் பட்டபோது தாள் கையில் விரிந்திருந்தது. அந்த இடத்தில் மடித்து வைத்திருக்கலாம். வைக்கவில்லை. மூன்று தரம் வாசித்தேன். அதற்கு உன்னிடம் மாப்புக் கேட்கிறேன். பிறர் கடிதத்தை வாசிக்கக் கூடாது என்று உனக்குச் சொல்லி வளர்த்தவள் நான்தான்.

கொழும்பில் ஒரு நகைக்கடையின் பெயர், அதற்கு நேரே நான்கு லட்சத்து ஐயாயிரம் ரூபாய். அது ஸஃப்னாவுக்கு நீ மஹராகக் கொடுக்க வாங்கிய மாலை. அந்த மாலையை நீ வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டிய அன்று, "இவ்வளவு சல்லி ஏது மகன்?" என்று நான் கேட்டேன். "சேத்து வச்சது உம்மா" என்றாய். தாள் வேறு சொல்கிறது. போன மாதம் இருபதாம் திகதி நீ கட்டியது இருபதாயிரத்து இருநூற்றைம்பது ரூபாய். அடுத்தது கட்ட வேண்டிய நாள் வரும் இருபதாம் திகதி. இருபத்தெட்டாம் திகதி உன் நிக்காஹ். மஹரைக் கொடுத்தாயிற்று என்று பதிவுப் புத்தகத்தில் எழுதி, நீ கையெழுத்து வைக்கப்போகும் நாள். அந்தக் கையெழுத்துக்கு முன்னால் இந்தக் கணக்கு அடைபட வேண்டும், ஸஃப்னாவுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். இந்த இரண்டுக்காகத்தான் எழுதுகிறேன். டெலிபோனில் சொல்லலாம்தான். டெலிபோனில் என் குரல் ஏறிவிடும், நீ "சரி உம்மா, சரி உம்மா" என்று வைத்துவிடுவாய். எழுதும்போது எனக்கே நிதானம் வருகிறது.

உன்னைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் எங்கள் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். உனக்கு இதுவரை சொல்லாத கதை. சொல்லாமல் விட்டது என் பிழை.

நீ உயர்தரப் பரீட்சை எழுதிய வருஷம், கண்டியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். அப்போதுதான் வாப்பாவுக்கு அந்த கார்ட் கிடைத்தது. வங்கியில் யாரோ ஒரு பையன் கடைக்கே வந்து, மிளகு மூட்டைக்கு மேல் உட்கார்ந்து, படிவம் நிரப்பிக்கொண்டு போனான். நாற்பத்தைந்து, ஐம்பது நாள் வரைக்கும் வட்டியே இல்லை என்றான். வாப்பாவுக்கு அது புதினமாகப் படவில்லை. "இது எங்கட தவணைதானே. நாங்க கொழும்புக் கடைக்கு மிளகு அனுப்பினா அவங்க ஒரு மாசம் கழிச்சுத்தானே சல்லி தாறாங்க" என்றார். அந்த ஒரு வார்த்தையில்தான் பிழை தொடங்கியது, ஆனால் அன்று அது எனக்கும் சரியாகத்தான் பட்டது.

அந்த மாதம் ஐந்தாம் திகதி ஃபிரிட்ஜ் வாங்கினோம். ஒரு லட்சத்து நாற்பத்தையாயிரம். கணக்குத் தாள் இருபத்தைந்தாம் திகதி போட்டு வந்தது, கட்டுவதற்குக் கடைசி நாள் அடுத்த மாதம் இருபது. அந்த நாளுக்கு முன்னால் சல்லி கையில் தயார். வாப்பா எண்ணிப் பார்த்துவிட்டு, ஆயிரம் ரூபாயை எடுத்து என்னிடம் திருப்பித் தந்தார். "ஒரு லட்சத்து நாப்பத்து நாலு கட்டிட்டு வாறேன். ஆயிரம் மிச்சம் இருக்கட்டும்."

ஏன் என்று நான் கேட்கவில்லை. நீயும் கேட்டிருக்க மாட்டாய், கடையில் வளர்ந்த பிள்ளை. யட்டவத்த பக்கமிருந்து மிளகும் கராம்பும் கொண்டுவருகிறவர்களுக்கு வாப்பா கணக்கு முடிக்கும் விதம் உனக்குத் தெரியும். நாற்பத்தெட்டாயிரத்து எழுநூறு கொடுக்க வேண்டுமானால் நாற்பத்தெட்டைக் கொடுத்துவிட்டு எழுநூறை விட்டு வைப்பார். வாங்குகிறவர் சிரித்துக்கொண்டே, "சரி முதலாளி, எழுநூறுக்கு அடுத்த போகம் வாறேன்" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுச் சாக்கை உதறி மடிப்பார். சில நேரம் அவர்கள் எங்களுக்குத் தர வேண்டியதில் அப்படி விட்டு வைப்பார்கள். கணக்கை முழுவதும் வழித்துத் துடைத்துவிட்டால் இனி உன் வாசலுக்கு வரமாட்டேன் என்று சொன்னது போல. மிச்சம் இருந்தால் உறவு இருக்கிறது. வாப்பாவின் வாப்பா காலத்திலிருந்து அந்தக் கடையில் ஒரு கணக்கும் முற்றாக மூடப்பட்டதில்லை. அதே மரியாதையைத்தான் வாப்பா வங்கிக்கும் செய்தார்.

அடுத்த தாள் வந்தது. பழைய மிச்சம் ஆயிரம். அதற்குக் கீழே வட்டி, ஐயாயிரத்து முந்நூற்று அறுபத்தேழு ரூபாய்.

ஆயிரம் ரூபாய்க்கு ஐயாயிரம் வட்டியா? அச்சடித்தவன் பிழை விட்டிருக்கிறான் என்றுதான் நினைத்தேன். வாப்பா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கள்ளனுகள்" என்றார். நான் என் கணக்குக் கொப்பியை எடுத்துப் பையில் வைத்தேன். "எங்க போற?" "பேங்குக்கு." "சண்ட பிடிக்கவா?" "இல்ல, கணக்குக் கேக்க. நீங்களும் வாங்களேன்." "நான் வரல்ல. எனக்கு வெக்கம்" என்று கடைக்குப் போய்விட்டார். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். கடைக் கணக்கை எழுதி எழுதித்தான் கூட்டல் கழித்தலுக்கு மேலே கற்றேன். ஆனால் என் கூட்டல் பிழைத்ததில்லை, அந்தத் தைரியத்தில் போனேன்.

கவுண்டரில் இருந்தது ஒரு சிங்களப் பிள்ளை, உன் இப்போதைய வயதுதான் இருக்கும். தாளைப் பார்த்துவிட்டு மேசைக் கலண்டரை என் பக்கம் திருப்பினாள். ஐந்தாம் திகதியில் விரலை வைத்தாள். "அம்மா, வட்டி இந்த நாள்ள இருந்து. சாமான் வாங்கின நாள்." பிறகு அடுத்த மாதத்தைத் திருப்பி இருபதில் வைத்தாள். "இந்த நாள் வரைக்கும். நாப்பத்தஞ்சு நாள். ஒரு லட்சத்து நாப்பத்தஞ்சுக்கும்."

"நாப்பத்தஞ்சு நாளைக்கு வட்டி இல்ல என்டுதானே மகள் சொன்னாங்க?"

"முழுசா கட்டுறவங்களுக்கு இல்ல."

"கட்டிட்டோமே. ஆயிரம்தானே மிச்சம்."

"ஆயிரமோ பத்து ரூபாயோ, மிச்சம் மிச்சம்தான் அம்மா. ஏன் விட்டீங்க, கையில இருக்கல்லயா?"

"இருந்திச்சு."

"அப்ப?"

நான் மிளகுக் கடைப் பழக்கத்தைச் சொன்னேன். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விவரமாகவே சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு பக்கத்துக் கவுண்டரிலிருந்தவளைக் கூப்பிட்டாள். "இஞ்ச கேளு, இந்த அம்மா பேங்கோட உறவு விட்டுப் போகக்கூடாது என்டு ஆயிரம் ரூபா வச்சிருக்காங்க." இரண்டு பேரும் சிரித்தார்கள். நல்ல பிள்ளைகள், கேலியாகச் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வந்தது. வெளியே படியில் இறங்கும்போதுதான் சிரிப்பு நின்றது.

வீட்டுக்கு வந்து கொப்பியில் எழுதினேன். இன்றைக்கும் அந்தப் பக்கம் இருக்கிறது: 'முழுதாகக் கட்டினால் தவணை உண்டு. ஒரு ரூபாய் குறைந்தாலும் தவணை இல்லை, இருந்ததும் இல்லை.' எங்கள் கடைத் தவணைக்கும் வங்கித் தவணைக்கும் உள்ள வித்தியாசம் அதுதான் மகன். கடையில் தவணை கொடுத்தால் கொடுத்ததுதான். பிந்தினால் முகம் சுருங்கும், மிஞ்சினால் ஒரு வார்த்தை பேசுவார்கள், அதற்கு மேல் இல்லை. வங்கி கொடுக்கும் தவணை ஒரு நிபந்தனைக்குக் கட்டிய கயிறு. நிபந்தனை தவறினால் பின்னால் போய், வாங்கிய நாளிலிருந்தே எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள். அதோடும் நிற்கவில்லை. விஷயம் புரிவதற்கு முன்னால் அந்த மாதம் வாப்பாவின் மருந்தையும் வீட்டு அரிசியையும் அதே கார்டில் வாங்கியிருந்தேன். பழைய மிச்சம் திறந்து கிடந்ததால் புதுச் சாமானுக்கும் தவணை கிடைக்கவில்லை. வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஏறியது. ஒரு சதம் மிச்சமில்லாமல் முழுவதும் கட்டிய பிறகுதான் தவணை திரும்பி வந்தது. அதற்குப் பிறகு இன்றுவரை, தாள் வந்த ஒரு கிழமைக்குள்ளேயே முழுவதும் கட்டிவிடுகிறோம். வட்டி என்ற இடத்தில் பூச்சியம்தான் நிற்கிறது.

ஐயாயிரத்து முந்நூற்று அறுபத்தேழு ரூபாய் ஒரு குடும்பத்தைக் கவிழ்க்கிற தொகை இல்லை. ஆனால் வட்டி வாங்குகிறவனோடு கொடுக்கிறவனும் அதே வரிசையில்தான் நிற்கிறான் என்று நம்புகிற வீடு இது. வாப்பா அன்று பள்ளிவாசலுக்குப் போய்விட்டு நேரம் கழித்துத்தான் வந்தார். வந்து சொன்னார்: "பிள்ளைக்குச் சொல்லாத. வட்டி குடுத்த வாப்பா என்டு நெனப்பான்." நானும் சரி என்றேன். நீ லீவில் வந்தபோது புது ஃபிரிட்ஜைத் திறந்து திறந்து மூடினாய். வாப்பா மட்டும் அந்த ஃபிரிட்ஜ் தண்ணியைக் குடிக்காமல் பானைத் தண்ணியைக் குடித்ததைக் கவனித்துவிட்டு, "என்ன வாப்பா, இந்தத் தண்ணிக்கு என்ன?" என்று கேட்டாய். "அவங்களுக்குத் தடிமன், சளி" என்று நான்தான் சொன்னேன். நாலு மாதத் தடிமன். அன்றைக்கு அந்தக் கொப்பிப் பக்கத்தை உனக்குக் காட்டியிருந்தால், இந்த வருஷம் நீ இந்தத் தாளைப் பெற்றிருக்க மாட்டாய். எங்கள் வெட்கத்தை நாங்கள் மூடி வைத்தோம், அதற்கு இப்போது நீ வட்டி கட்டுகிறாய்.

இனி உன் தாளுக்கு வருகிறேன். உன்னை ஏமாற்றியது ஒரு சொல் என்று நினைக்கிறேன். 'கட்ட வேண்டிய குறைந்த தொகை' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். வங்கியே இவ்வளவு போதும் என்கிறதே, கட்டிவிட்டால் கடமை முடிந்தது என்று நினைத்திருப்பாய். அந்தத் தொகை கட்டினால் தண்டப் பணம் வராது, உன் பெயர் கெடாது. அவ்வளவுதான் அதன் வேலை. வட்டியை அது நிறுத்தாது. ஆண்டுக்கு முப்பது வீதம் என்று தாளின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கிறது, கண்ணாடி போட்டு வாசித்தேன். நீ இருபதாயிரத்து இருநூற்றைம்பது கட்டினாய். மாலை வாங்கிய நாளிலிருந்து எண்ணிப் பதினாறாயிரத்து ஐந்நூற்று அறுபது வட்டி போட்டார்கள். இப்போது நீ கொடுக்க வேண்டியது நான்கு லட்சத்து ஆயிரத்து முந்நூற்றுப் பத்து. கழித்துப் பார். இருபதாயிரம் கொடுத்து நீ குறைத்தது மூவாயிரத்து அறுநூற்றுத் தொண்ணூறு ரூபாய். இதே போல் குறைந்த தொகையை மட்டும் கட்டிக்கொண்டு போனால் ஒரு வருஷத்தில் ஏறக்குறைய இரண்டு லட்சத்து எட்டாயிரம் உன் கையை விட்டுப் போகும். கடன் ஒரு லட்சத்துப் பத்தாயிரம்கூடக் குறையாது. இதை நான் மாதம் மாதமாகப் போட்டு எழுதி, கொப்பியிலிருந்து கிழித்து இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். பிழை இருந்தால் சொல்.

எனக்கு நோவது தொகை இல்லை. பெண் வீட்டாரிடம் கைக்கூலி வாங்க மாட்டோம் என்று நீயே முன்னால் நின்று சொன்னாய். உக்குவளையில் ஸஃப்னா வீட்டார் முன்னால் வாப்பா எவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்தார் என்று உனக்குத் தெரியும். மஹரைப் பெரிதாகக் கொடுக்க வேண்டும் என்ற உன் ஆசையும் நல்ல ஆசைதான். ஆனால் மஹரைப் பிந்திக் கொடுக்கவும் மார்க்கம் இடம் வைத்திருக்கிறது. பெண் சம்மதித்தால் அது நீ அவளுக்குத் தர வேண்டிய கடனாக நிற்கலாம், அதில் ஒரு சதம் வட்டி ஏறாது. உன்னிடம் வட்டி கேட்காத ஒரே ஒரு ஆளிடம் தவணை கேட்க வெட்கப்பட்டு, நீ வங்கியிடம் போயிருக்கிறாய். வாப்பாவும் நானும் வெட்கப்பட்ட அதே வெட்கம். அதை நான் உன்னில் பார்த்தபோது கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை ஸஃப்னாவும் அவள் உம்மாவும் உங்கள் இருவருக்குமான அறையைப் பார்க்க வந்தார்கள். ரிவர்ஸ்டன் மலைப் பக்கம் மழை இருட்டிக்கொண்டு வந்ததால் கொடியிலிருந்த உடுப்பை அள்ள நான் ஓடினேன், அவளும் கூட ஓடிவந்து அள்ளினாள். பிறகு குசினியில் நின்று மடித்துக்கொண்டே சொன்னாள்: "மாமி, ஒங்கட மகன் கொஞ்சம் பெரும பிடிச்ச ஆள்." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்ன செஞ்சான்?" "ஒண்டும் செய்யல்ல. மஹருக்கு என்ன வேணும் என்டு கேட்டாங்க. நான் ஒரு மோதிரம் போதும் என்டேன். அது கொறைவு, சனம் என்ன சொல்லும் என்டு அவங்களே மாலைக்குப் போயிட்டாங்க. போடுறது நான், சனமா?" என்று சொல்லிவிட்டு உன் சட்டை ஒன்றை மடிக்காமல் உதறி, "இதுல பட்டன் ரெண்டு இல்ல மாமி, இதத்தான் மொதல்ல பாக்கணும்" என்றாள். அப்போது உன் தாள் எனக்கு வந்திருக்கவில்லை. வந்த பிறகுதான் அவள் சொன்னது முழுவதும் விளங்கியது. இவளிடம் சொல்ல நீ பயப்பட வேண்டியதில்லை மகன். சொல்லாமல் விட்டால்தான் பயப்பட வேண்டும். ஒரு நாள் அவளும் ஒரு வெள்ளை உறையைத் திறப்பாள்.

நேற்று வாப்பாவிடம் தாளைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போட்டார். "எங்கட ஆயிரம் ரூபா கதைய இவனுக்குச் சொல்லியிருக்கணும்" என்றார். "நீங்கதானே வேணாம் என்டீங்க" என்றேன். "நான் சொன்னா நீ கேக்கிற ஆளா? மத்ததெல்லாம் கேக்காம அத மட்டும் கேட்டியே" என்றார். பிறகு அலுமாரியைத் திறந்து உம்ராவுக்கென்று சேர்த்ததை எடுத்துக் கட்டிலில் வைத்தார். நான்கு லட்சம் சரியாக இருந்தது. அவரே சொன்னார்: "கஃபா அங்கயேதான் இருக்கும். ஒரு வருசம் ரெண்டு வருசம் பிந்திப் போனா அது வட்டி கேக்காது."

அந்தச் சல்லியை வாப்பா இன்று காலை உன் சேமிப்புக் கணக்கில் போட்டுவிட்டார். ஆயிரத்து முந்நூற்றுப் பத்தை நீ போடு. ஸஃப்னாவிடம் சொன்னால்தான் தருவோம் என்று நான் பிடித்து வைக்கவில்லை. நிபந்தனைக்குத் தவணை கொடுப்பது வங்கியின் வேலை, எங்கள் வேலை அதில்லை. இருபதாம் திகதி வரைக்கும் காத்திராதே. கடைசி நாள் என்பது முழுவதும் கட்டி வந்தவர்களுக்குத்தான் சலுகை. உனக்கு இப்போது ஒவ்வொரு நாளும் முந்நூற்று முப்பது ரூபாய் ஏறிக்கொண்டிருக்கிறது. கடிதம் கிடைத்த நாளே வங்கிக்குப் போய், இன்றைக்கே முழுவதும் அடைக்க எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்கு. தாளில் உள்ள தொகையைவிடக் கூடத்தான் சொல்வார்கள், தாள் போட்ட நாளிலிருந்து ஏறிய வட்டி அது. அதையும் சேர்த்துக் கட்டு. அதற்குப் பிறகும் அடுத்த தாளைத் திறந்து பார், பூச்சியம் என்று கண்ணால் காணும்வரை அந்த கார்டில் ஒரு கோப்பை பிளேன்டிகூட வாங்காதே. கொடுத்துவிட்ட வட்டிக்கு அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேள். நாங்களும் கேட்டோம்.

எங்களுக்கு நீ மாதம் இருபதாயிரம் தா. வங்கிக்குக் கட்டிய அதே இருபதாயிரம்தான், உன் சம்பளத்துக்குப் புதுப் பாரம் இல்லை. அங்கே கட்டினால் வருஷக்கணக்கில் முடியாதது இங்கே இருபது மாதத்தில் முடியும். கொப்பியில் உனக்கென்று ஒரு புதுப் பக்கம் திறந்து, இருபது கோடு போட்டு வைத்திருக்கிறேன். முதல் மாதத்தை நீயும் ஸஃப்னாவும் சேர்ந்து கொண்டுவந்து தந்தால், நீ அவளிடம் சொல்லிவிட்டாய் என்று நான் எடுத்துக்கொள்வேன். கேட்க மாட்டேன்.

வங்கியில் ஒரு சதம் மிச்சம் வைக்காதே. ஆனால் இருபதாவது மாதம் வாப்பாவின் கையில் பத்தொன்பதாயிரம்தான் கொடு. அவர் எண்ணிப் பார்த்துவிட்டு உன் முகத்தைப் பார்ப்பார். ஆயிரம் மிச்சம் இருக்கட்டும் வாப்பா என்று சொல். எங்களோடு உன் கணக்கு முடிய வேண்டாம்.

உன் உம்மா